ரேடாருக்குத் தெரியாத அத்தான்

ரோந்துக் கப்பலில் ரேடார் பார்க்கிறவனுக்குக் கடலில் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. இந்த வேலையில் ஆகக் கனமான சுமை அந்த நம்பிக்கைதான். மின்வாரியத்தில் கணக்கு எழுதிக்கொண்டு, தெருவில் கரண்ட் போனதற்கெல்லாம் பதில் சொல்லும் அன்பர்களே, ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுத்துக்கொண்டு, சொந்தக்காரர்களின் மூட்டு வலிக்கு மருந்து சொல்லும் சகோதரிகளே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

நான் கருங்கல் என்ற ஊருக்குத் தெற்கே உள்ள கடற்கரைக்காரன். எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் ஆழ்கடலுக்கு மீன் பிடிக்கப் போகிறவர்கள். நான் மட்டும் கடலோரக் காவல் கப்பலுக்குப் போனேன். வேலை உத்தரவு வந்த அன்று வீடே சந்தோஷப்பட்டது. ரீத்தா அக்காவுக்கு மட்டும் வேறு யோசனை. அவள் வீட்டுக்காரர் சேவியர் அத்தான் சொந்தப் படகில் தூண்டில் தொழிலுக்குப் போகிறவர். போனால் கரை திரும்ப வாரக்கணக்காகும். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "மக்கா, கடல்ல எங்க நின்னாலும் அவர ஒரு கண்ணு பாத்துக்கிடு. அதுக்காகத்தான் உன்ன இந்த வேலைக்கு விடுதேன்."

கடலில் ஒரு கிணறு

ஒரு முறை எங்கள் கப்பல் விழிஞ்ஞம் துறைமுகத்தில் நின்றபோது, கரைக்காரர்கள் ஏறிப் பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். எங்கள் ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் களியக்காவிளை வழியாக வந்து இறங்கினார்கள். அக்காவும் அத்தானும் அதில் இருந்தார்கள். சுற்றிக் காட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பின்பக்கம் ஹெலிகாப்டர் இறங்கும் தளத்தைக் காட்டினேன். அத்தான் அதைக் காலால் அளந்து பார்த்துவிட்டு, வலை காயப்போட நல்ல இடம் என்றார். பக்கவாட்டில் தொங்கும் வேகப் படகுகளையும், தீப்பிடித்த கப்பல்மேல் தூரத்திலிருந்தே தண்ணீர் பீய்ச்சும் குழாய்களையும் காட்டினேன். ஐஸ் அறை எங்கே என்று கேட்டார்கள். மீன் பிடிக்காத கப்பலுக்கு ஐஸ் அறை எதற்கு என்றேன். இத்தனை பெரிய கப்பலில் ஒரு கூடை மத்தி வைக்க இடமில்லை என்று தெரிந்ததும் கூட்டத்துக்கு என்மேல் இருந்த மதிப்புப் பாதி குறைந்துவிட்டது. கப்பல் அலையில் உருளாமல் இருக்க, சுறாவுக்கு இருப்பது போல அடியில் இரண்டு பக்கமும் துடுப்பு உண்டு, அலைக்குத் தக்கபடி அது தானே திரும்பிக்கொடுக்கும் என்று சொன்னேன். அதை மட்டும் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. சுறாவை அவர்கள் என்னைவிட அதிகம் பார்த்தவர்கள்.

கடைசியாக, கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் இயந்திரத்தைக் காட்டி ஆளுக்கு ஒரு தம்ளர் கொடுத்தேன். அக்கா குடித்துப் பார்த்தாள். இன்னொரு தம்ளர் வாங்கிக் குடித்தாள். பிறகு கப்பலில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "பேச்சிப்பாற அணைத் தண்ணியே எங்க தெருவுக்கு என்னைக்காவதுதான் வருது, நீங்க கடலுக்க நடுவுல கெணறு வெட்டி வச்சிருக்கியளா?"

வயர்லெஸ்ஸில் என் பூர்வீகம்

காற்றழுத்தத் தாழ்வு உருவானால் ஆழ்கடலில் நிற்கும் படகுகளைக் கரைக்குத் திரும்பச் சொல்ல வேண்டும். எங்கள் கேப்டன் வடநாட்டுக்காரர், நல்ல மனுஷர். தமிழ் அறிவிப்பு வேலையை என்னிடம் தந்துவிட்டார். முதல் தடவை நான் வானொலிச் செய்தி வாசிப்பவர் போல, "மீனவ நண்பர்களே, தயவுகூர்ந்து உடனடியாகக் கரை திரும்பவும்" என்று வாசித்தேன். ஒரு படகும் அசையவில்லை. ரேடார் திரையில் புள்ளிகள் போட்ட இடத்தில் போட்டபடி இருந்தன.

பொறுமை போய், நம்ம ஊர்ப் பேச்சில் நாலு வார்த்தை சத்தம் போட்டேன். உடனே ஒரு படகை ஓட்டும் ஸ்ராங்கு பதில் பேசினார். அவர் நீளமாகப் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த கேப்டன், என்ன சொல்கிறார் என்று விசாரித்தார். ஒத்துழைப்பதாகச் சொல்கிறார் என்று மொழிபெயர்த்தேன். புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கரைப்பக்கம் திரும்பியது உண்மைதான். ஆனால் ஸ்ராங்கு சொன்னது இது: "லே, நீ மரியசெல்வத்துக்க எளைய மோன்தானே? கரைக்கு வா, பெரியவனுவகிட்ட எப்பிடிப் பேசணும்னு உனக்க அம்மைகிட்ட நான் கேக்குதேன்!"

மாடியில் தொங்கிய தகடு

ரேடார் என்பது அலையை அனுப்பிவிட்டு, அது எதிலாவது பட்டுத் திரும்பி வருகிறதா என்று காத்திருக்கும் கருவி. இரும்புக் கப்பல் நன்றாகத் திருப்பி அனுப்பும். மரப் படகு அலையை விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கும். அதற்காகவே படகின் கம்பத்தில் ஒரு தகடு கட்டச் சொல்வோம். மூன்று அலுமினியத் தகடுகளை ஒன்றுக்குள் ஒன்று குறுக்கே செருகியிருப்பார்கள். அது தொங்கினால் சின்னப் படகும் திரையில் பளிச்சென்று தெரியும். அத்தான் படகுக்கு நானே நின்று கட்டிக் கொடுத்தேன்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு லீவில் வந்தேன். எங்கள் பக்கத்தில் நட்சத்திரம் தொங்காத வீடு கிடையாது. யார் வீட்டு நட்சத்திரம் பெரிது என்று தெருவுக்குள் போட்டியே நடக்கும். அக்கா வீட்டு மாடியில் தொங்கியதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். ஆறு முனை, சிவப்பு ஜிகினாத் தாள், உள்ளே பல்பு. நான் கட்டிக் கொடுத்த தகடேதான். தெருவிலேயே அழகான நட்சத்திரம் அதுதான் என்று அக்காவுக்குப் பெருமை வேறு.

கடலுக்குப் போகுமுன் இதைக் கழற்றிக் கம்பத்தில் கட்டுங்கள் என்று கெஞ்சினேன். நட்சத்திரத்தை வழியாகக் கொண்டு பாலனைப் பார்க்க வந்தார்களே, அந்த மூன்று ராஜாக்களின் திருநாள், ஜனவரி ஆறாம் தேதி, கழியாமல் நட்சத்திரத்தை இறக்கினால் வீட்டுக்கு ஆகாது என்று அக்கா ஒரே பிடியாக நின்றாள். நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் என் தோளில் கைபோட்டுச் சொன்னார்: "வருசம் பூரா உனக்க கப்பலு என்னப் பாக்குது. இந்தக் கொஞ்ச நாளு ராஜாக்கள் பாத்துக்கிடட்டும், விடு மக்கா."

மீன் குழம்பு

புது வருஷம் பிறந்த மறுநாளே அத்தான் கிளம்பிவிட்டார். நானும் விழிஞ்ஞத்துக்கு வந்து கப்பலில் சேர்ந்தேன். இரண்டு நாள் கழித்துக் காலையில் அக்காவின் போன். அத்தான் படகின் இயந்திர அறையில் தண்ணீர் ஏறுகிறது என்று வயர்லெஸ்ஸில் ஒரு வார்த்தை வந்ததாம்; அதன் பிறகு சத்தமே இல்லையாம். கூடப் போன படகுக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். "தகடு கம்பத்துல உண்டா?" என்று கேட்டேன். "மாடியில கெடக்குலே" என்று சொல்லி அழ ஆரம்பித்தாள்.

கப்பல் உடனே புறப்பட்டது. கடைசியாகப் பேசிய இடம், காற்று, நீரோட்டம் மூன்றையும் கொடுத்தால், படகு எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கும் என்று கணினி ஒரு கட்டம் போட்டுத் தரும். அந்தக் கட்டத்துக்குள் நாங்கள் உழுவது போலப் போய் வந்தோம். வாடைக்காற்று கடலைக் கிளப்பி விட்டிருந்தது. ஒவ்வொரு அலையும் திரையில் ஒரு புள்ளி. அத்தனை புள்ளியில் அத்தான் எது என்று யார் சொல்வது? எனக்குப் பயமாக இருந்தது. அதற்கு வேறு பெயர் வைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. மழை மூட்டத்தில் பைனாகுலரும் உதவவில்லை.

கேப்டன் என் முகத்தைப் பார்த்தார். ரேடாரை விட்டுவிட்டு வெப்பக் கேமராவுக்குப் போகச் சொன்னார். கப்பலை ஓட்டும் அறைக்கு மேலே கம்பத்தில் இருக்கும் கேமரா அது. கப்பல் எப்படி ஆடினாலும் ஆடாமல் நின்று பார்க்கும், சூடாக இருப்பதை மட்டும் வெள்ளையாகக் காட்டும். கடல் முழுக்கக் கருப்பு. பொழுது சாயும் நேரத்தில், ஓரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு. பெரிதாக்கினோம். படகின் பின்பக்கத்தில் அடுப்பு, அதன்மேல் சட்டி, சுற்றி ஆட்கள். அத்தான் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். கேப்டன் பார்க்காதது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்கள் வேகப் படகு போய் எல்லோரையும் ஏற்றி வந்தது. டீ கொடுத்தார்கள். ஏறிய தண்ணீரை இறைத்துத் தள்ளிவிட்டார்களாம், ஆனால் நனைந்த இயந்திரமும் வயர்லெஸ்ஸும் வேலை செய்யவில்லையாம். எனக்கு அழுகை போய்க் கோபம் வந்தது. அத்தானைத் திரைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, கண்ணெதிரே தெரிகிற உங்கள் படகு இதில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றேன். அவர் ஜன்னல் வழியாகப் படகைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி படகைப் பார்த்தார். டீயைக் கீழே வைத்துவிட்டு மெல்லக் கேட்டார்: "அப்போ நான் கடல்லயே இல்லியா மக்கா?"

அக்கா ஏணியில்

படகைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு திரும்பினோம். கப்பலின் போனில் பேச கேப்டன் அனுமதி கொடுத்தார். அத்தான் கையில் கொடுத்தேன். அவர் "ரீத்தா" என்று மட்டும் சொன்னார். போனை என்னிடமே திருப்பித் தந்துவிட்டார். எல்லோரும் சுகம் என்று நான் சொன்னேன். அந்தப் பக்கம் தகடு எதிலோ உரசும் சத்தமும், ஜிகினாத் தாள் கிழியும் சத்தமும் மட்டும் கேட்டது. எங்கே நிற்கிறாய் என்றேன். மாடியில், ஏணிமேல் என்றாள்.

கீழே தெருவிலிருந்து யாரோ பெண், "ஏட்டி ரீத்தா, திருநாளுக்கு இன்னும் ரெண்டு நாளு கெடக்கு, இப்பளே எறக்கப்பிடாது!" என்று கத்துவது எனக்கே கேட்டது. அக்கா போனை வைக்காமலே, தெருவுக்கும் எனக்கும் சேர்த்துச் சொன்னாள்: "ராஜாக்கள் யாருகிட்டயாவது வழி கேட்டு வந்துக்கிடட்டும்!"

ரேடாரும் வெப்பக் கேமராவும் வைத்து எத்தனை கப்பல் கட்டினாலும், படகு துறையை விட்டுக் கிளம்புமுன் கம்பத்தை நிமிர்ந்து பார்க்க ஒரு அக்கா வேண்டியிருக்கிறது என்பதுதான் இத்தனை வருஷ சர்வீஸில் நான் தெரிந்துகொண்ட தொழில்நுட்பம்.