மூன்று பெயர்களில் ஒரு மாறி

வெளிநாட்டு ஆய்விதழ்களின் கட்டுரைகளை அச்சுக்குத் தயார் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் நான் புரோகிராமர். புதுச்சேரியில் இந்த வேலைக்கு ஆள் எடுக்கும் இடங்கள் நிறைய. எங்கள் நிரல் முழுக்கப் பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதியது. எனக்கு முன்னால் பல கைகள் பட்டது.

ஒருநாள் ஒரு பிரெஞ்சு இதழிலிருந்து கோபமாக மெயில் வந்தது. பிரெஞ்சில் கேள்விக்குறிக்கு முன்னால் சின்ன இடைவெளி விட வேண்டும். சில பக்கங்களில் விட்டிருந்தது, சிலவற்றில் இல்லை. தோண்டிப் பார்த்தேன். கட்டுரை எந்த மொழியில் இருக்கிறது என்பதை நிரலின் ஒவ்வொரு மாட்யூலும், அதாவது ஒவ்வொரு தனிப் பகுதியும், தனக்கென்று ஒரு மாறியில், பெயர் ஒட்டிய டப்பா மாதிரி ஒன்றில், வைத்திருந்தது. ஒருவர் அதற்கு 'லாங்குவேஜ்' என்று பெயர் வைத்திருந்தார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த யாரோ அதையே பிரெஞ்சில் 'லாங்' என்று வைத்திருந்தார். இன்னொருவர் 'மொழி' என்றே வைத்துவிட்டார். ஒன்றில் பிரெஞ்சு என்று மாற்றினால் மற்ற இரண்டுக்கும் தெரியாது. அவை ஆங்கிலத்திலேயே கிடக்கும்.

டீம் லீடரிடம் சொன்னேன்.

"மூணு எடத்துலயும் கையால ஃபிரெஞ்சுன்னு போட்டு அனுப்பிடுங்க மேடம்."

"அடுத்தது இங்கிலீஷ் கட்டுரை வந்தா?"

"திரும்ப மாத்திக்கலாம்."

"நான் அப்படிச் செய்ய மாட்டேன் சார்."

பெர்லில் ஒரு மாட்யூல் இன்னொன்றைக் கூப்பிட்டால், கூப்பிடப்பட்டதில் உள்ள 'இம்போர்ட்' என்ற பகுதி முதலில் ஓடும். அதை நானே எழுதினேன். மொழிக்கு ஒரே மாறி, அது ஒரே மாட்யூலில். யார் எந்தப் பெயரில் கேட்டாலும் அந்தப் பெயரை அவர்கள் பக்கம் வைத்து, இந்த ஒரு மாறியோடு இணைத்துவிடும். நகல் எடுத்துக் கொடுப்பதில்லை, அதையேதான் கொடுக்கும். ஒருவர் மாற்றினால் எல்லோருக்கும் மாறும். பழைய கோப்புகளில், அவரவர் சொந்தமாக வைத்திருந்த மாறியை மட்டும் எடுத்துவிட்டு, கேட்டு வாங்கும் ஒரு வரியைச் சேர்த்தேன்.

டீம் லீடருக்குப் பிடிக்கவில்லை. "இதுக்குத்தான் பெர்ல்லயே ரெடிமேடா எக்ஸ்போர்ட்டர் இருக்கே."

"அது வச்ச பேர்லதான் குடுக்கும். நமக்கு மூணு பேர் வேணும்."

"எல்லாத்துலயும் ஒரே பேரா மாத்துங்களேன்."

"மாத்தினா எல்லாத்தையும் மறுபடி டெஸ்ட் பண்ணணும். ஆள் குடுப்பீங்களா?"

அவர் வேறொன்று சொன்னார்.

"நாளைக்கு நீங்க பிரான்சுக்குப் போயிட்டா இத யார் பாக்கறது? எடுத்துடுங்க."

என் கணவர் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. அதனால் கல்யாணமான நாளிலிருந்து ஆபீஸில் எல்லோருக்கும் நான் பெட்டி கட்டிக்கொண்டிருப்பவள். பெரிய வேலை எது வந்தாலும் அதைச் சொல்லித்தான் வேறொருவருக்குப் போகும்.

"நான் போறேன்னு யார் சார் சொன்னா?"

"உங்க வீட்டுக்காரரு ஃபிரெஞ்சு நேஷனாலிட்டிதானே."

"அது அவர் பாஸ்போர்ட்டு. என் வேல இங்க இருக்கு. இத எடுக்கணும்னா நீங்களே எடுங்க. நீங்கதான் எடுத்தீங்கன்னு உங்க பேரப் போட்டு எடுங்க. என் கையால எடுக்க மாட்டேன்."

சுற்றிலும் கீபோர்டு சத்தம் நின்றுபோயிருந்தது. அவர் எழுந்து போனார்.

மறுநாள் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து கட்டுரைகளை ஓட்டிப் பார்த்தோம். இருக்க வேண்டிய இடத்தில் இடைவெளி இருந்தது, கூடாத இடத்தில் இல்லை. அவர் அதை எடுக்கவில்லை, நன்றாயிருக்கிறது என்றும் சொல்லவில்லை. ஆண்டு மதிப்பீட்டில் 'சொன்னதைச் செய்வதில்லை' என்று எழுதினார். கீழே என் கருத்துக்கு இடம் இருந்தது. 'இந்த விஷயத்தில், ஆமாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று ரெட்டியார்பாளையம் வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் கணவரிடம் சொன்னேன், 'என் வேல இங்க இருக்கு' என்றதையும். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"அப்ப நாம போகப் போறதில்லையா?"

"நீங்க போங்க. நான் லீவு போட்டுட்டு வந்து பாத்துட்டுத் திரும்பிடறேன்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.