வீட்டுக்குத் தனியாகக் காய்ச்சிய சர்க்கரை

ஒரு வாரமாக எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. எல்லாம் ஒரு கேக்கால் வந்த வினை. பீளமேட்டில் என் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். மாடி வீட்டுப் பெண் தன் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு ஒன்று கேட்டாள். ஒரே நிபந்தனைதான். "பாப்பாவுக்கு இன்னும் அஸ்கா குடுத்ததே இல்லீங்க அக்கா. ஒரு சிட்டிகைகூட வேண்டாங்க." அஸ்கா என்றால் எங்கள் பக்கம் வெள்ளைச் சீனி. நாட்டுச்சர்க்கரையில்தான் செய்வேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

சர்க்கரை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. வெண்ணெயோடு அடித்து நுரைக்கச் சீனிதான் லாயக்கு. கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டாவிட்டால் பல்லில் மண் கடிபடும். பாயசத்துக்கு வெல்லப்பாகு ஆறிய பிறகுதான் பால் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் திரிந்து தொலையும். நாட்டுச்சர்க்கரை போட்ட கேக் கருத்து, ஈரமாக, அடக்கமாக வரும். அன்றைக்கு வந்ததோ பொன்னிறத்தில் உப்பிக்கொண்டு நின்றது. சந்தேகம் வந்திருக்க வேண்டும். என் கைப்பக்குவம் என்று நினைத்துப் பூரித்துப்போனேன். குழந்தை இரண்டு கையாலும் அள்ளித் தின்றது.

சர்க்கரை தீர்ந்துபோகவே, சத்தியமங்கலம் பக்கம் நான் வழக்கமாக வாங்கும் கரும்பாலைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். கொப்பரையில் கரும்புச்சாறு கொதித்துக்கொண்டிருந்தது. ஆலைக்காரர் ஒரு சீனி மூட்டையைப் பிரித்து அப்படியே அதில் கவிழ்த்தார்.

"ஏனுங்க, என்னங்க இது அநியாயம்?"

"வாங்க அம்மணி. கலருக்குங்க" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

"ஒரு வயசுக் கொழந்தை தின்னுருக்குதுங்க! நான் வாக்குக் குடுத்துப்போட்டேன்!"

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி ஒரு போசி நிறையக் கருஞ்சர்க்கரையை வீட்டுக்குள் எடுத்துப்போனார். அது என்ன என்று கேட்டேன்.

"அது எங்க ஊட்டுக்குங்க. தனியாக் காச்சுனது. அதுல எதையுங் கலக்கறதில்லீங்க."

"ஊருக்கு ஒண்ணு, உங்க ஊட்டுக்கு ஒண்ணுங்களா?" என்று கத்திவிட்டேன்.

அவர் குரலை உயர்த்தவே இல்லை. "போன தைப்பொங்கலுக்கு இதைத்தானுங்க உங்களுக்கு மொதல்ல குடுத்தேன். அழுக்காட்ட இருக்குது, மஞ்சளாக் குடுங்கன்னு நீங்கதானுங்க தள்ளி உட்டீங்க."

உண்மைதான், தள்ளிவிட்டேன். கேக் போட்டோவில் எடுப்பாக இருக்காது என்றும் சொன்னேன். அதற்காகக் கோபம் போய்விடுமா? மஞ்சளாகக் கேட்டால் இன்னது கலக்கிறேன் என்று சொல்லித் தொலைக்கக்கூடாதா மனுஷன்? அதே கோபம் இப்போது என் மேலும் திரும்பியதில் எரிச்சல் இரட்டிப்பாகிவிட்டது. அவர் வீட்டுச் சர்க்கரையிலிருந்தே பிடிவாதமாக இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று மாலையே புதிதாக ஒரு கேக் செய்து மாடிக்கு எடுத்துப்போய் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போனது. திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. கத்தியை எடுத்து ஒரு துண்டு வெட்டிக் குழந்தையின் முன் வைத்தாள்.

குழந்தை ஒரு வாய் தின்றது. அந்தக் கருத்த துண்டைப் பார்த்தது. பிறகு தட்டைத் தள்ளி விட்டது.