மூன்றாவது டிரம்

எதையும் ஒரு தடவை பார்த்தால் எனக்குப் போதாது. கேஸை மூடி, வீட்டைப் பூட்டிவிட்டுப் படியிறங்கி, பாதித் தெரு போனபிறகு திரும்பி வந்து மறுபடி பார்ப்பேன். என் கணவர் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் வேலை பார்ப்பவர். "பூட்டுனது பூட்டுக்கே தெரியும், உனக்குத்தான் தெரியல" என்று கேலி செய்வார். வீட்டில் எனக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர். இந்தக் குணம் இல்லாவிட்டால் என்னை வேலையில் வைத்திருக்கவே மாட்டார்கள் என்று நானும் விடாமல் பதில் சொல்வேன்.

ராயபுரத்தில் ஒரு சின்ன மருத்துவமனையில் ஆட்டோகிளேவ் அறை என் பொறுப்பு. ஆபரேஷனுக்குப் போகிற கத்தி, கத்தரி, துணி, பஞ்சு எல்லாவற்றையும் அழுத்தமான நீராவியில் வைத்துக் கிருமியைக் கொல்கிற இடம். ஆள் உயரத்துக்கு ஒரு பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். துணிகளை எவர்சில்வர் டிரம்களில் அடுக்குவோம். டிரம்மைச் சுற்றி வரிசையாக ஓட்டைகள் இருக்கும். அவற்றைத் திறக்கவும் மூடவும் ஒரு தகட்டுப் பட்டை உண்டு. உள்ளே வைக்கும்முன் பட்டையைத் தள்ளித் திறக்க வேண்டும், அப்போதுதான் ஆவி துணிக்குள் போகும். வெளியே எடுத்ததும் சூட்டோடு சூடாக மூட வேண்டும், இல்லாவிட்டால் வெளிக்காற்று புகுந்துவிடும். திறந்து வைக்க வேண்டும், மூடி எடுக்க வேண்டும். பத்தொன்பது வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

டிரம்மின் மேல் ஒரு டேப் ஒட்டுவோம். சூடு பட்டால் அதில் கறுப்புக் கோடுகள் வரும். ஆனால் வெளியே சூடு பட்டது என்பதுதான் அதற்குத் தெரியும், உள்ளே நடந்தது அதற்குத் தெரியாது. அதற்காகத் துணிகளின் நடுவில் ஒரு காகிதத் துண்டு வைப்போம். ஆவி அதுவரை போயிருந்தால் அதன் நிறம் மாறியிருக்கும். ஆபரேஷன் தியேட்டரில் முதலில் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டுத்தான் துணியைத் தொட வேண்டும். என் டிரம்களுக்கு மட்டும் தியேட்டர் சிஸ்டர் அதைப் பார்ப்பதில்லை. "உங்க கை பட்டதுன்னா பார்க்கவே வேணாம்க்கா" என்பாள். எனக்கு அதில் தலைகால் தெரியாத பெருமை. யாராவது என் எதிரில் துண்டைத் தேடி எடுத்துப் பார்த்தால் முகம் சுண்டிவிடும். ஊரையே சந்தேகப்படுகிற என்னை யாரும் சந்தேகப்படக் கூடாது!

எங்கள் திருவொற்றியூர் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காவும் அப்படித்தான். விடியற்காலையில் காசிமேட்டில் ஏலம் முடிந்ததும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டு, ஷேர் ஆட்டோவில் கூடையோடு வந்து இறங்குவாள். யாராவது மீனின் செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் போதும். "இன்னாமே, என் மேல நம்பிக்கை இல்லியா? போய் ஐஸ் பொட்டில வெச்ச பழைய மீன வாங்கிக்க" என்று கூடையை மூடிவிடுவாள். நான் ஒரு நாளும் செவுளைத் தூக்கியதில்லை. கேஸை மூன்று முறை பார்க்கிற நான், அக்கா எடுத்துப் போட்ட மீனை அப்படியே வாங்கிக்கொள்வேன். அதனால் என்மேல் அவளுக்குத் தனிப் பிரியம்.

அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. எடுத்துவிட வேண்டும் என்றார்கள். ஒரு வருடமாகப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் மருத்துவமனைக்கு வரச் சொல்லி நான்தான் நச்சரித்தேன். கடைசியில் ஒருநாள், "நீ என் மீனப் பாக்காம வாங்குற. நானும் உன் ஆஸ்பத்திரியப் பாக்காம வந்து பட்த்துக்கறேன், போ" என்றாள்.

அன்று காலை அவளுடைய ஆபரேஷனுக்கான துணிகளை மூன்று டிரம்களில் அடுக்கி ஆட்டோகிளேவில் வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டை வைத்துவிட்டேன். மூன்றாவதைக் கையில் தூக்கியபோது வார்டு ஆயா ஓடிவந்தாள். "மீன்காரம்மா ஊசி போட வுட மாட்டேன்னு அழுதுகினு கீது. உன்னத்தான் கேக்குது." டிரம்மை உள்ளே தள்ளிவிட்டுப் போனேன். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கேன்ல, ஒண்ணும் ஆகாது" என்றேன். ஊசி போட்டார்கள். திரும்பி வந்து ஆட்டோகிளேவின் கதவை மூடி, சுவிட்சைப் போட்டேன்.

நேரம் முடிந்தது, ஆறியது, எடுத்தேன். மூன்று டேப்பிலும் கறுப்புக் கோடு. மேலே தியேட்டருக்கு அனுப்பினேன்.

அதற்குப் பிறகு தொட்டியில் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது, மனது வழக்கம்போல் நடந்ததையெல்லாம் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தது. டிரம்மை வெளியே எடுத்துப் பட்டையை மூடும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். முதல் டிரம், டக். இரண்டாவது, டக். மூன்றாவதற்குச் சத்தம் ஞாபகம் வரவில்லை. என் கை பட்டையைத் தொட்டது, அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. கை தன் வேலை முடிந்தது என்று விட்டுவிட்டது.

மூடியிருந்தால், நான் திறக்கவே இல்லை. திறக்கவில்லை என்றால் ஆவி உள்ளே போகவே இல்லை.

ஒரு நிமிடம் என்னோடு நானே வாதாடினேன். எனக்குத்தான் எல்லாவற்றிலும் சந்தேகமாயிற்றே, இதுவும் கேஸ் மாதிரிதான் இருக்கும், வெளியே சொன்னால் வேலைக்கே உலை வைக்கும், வாயை மூடிக்கொண்டிரு. பிறகு கையுறையோடு படியேறி ஓடினேன்.

தியேட்டர் கதவுக் கண்ணாடியைத் தட்டினேன். சிஸ்டர் எட்டிப் பார்த்தாள். "மூணாவது டிரம். நடுவுல துண்டு என்ன கலர்ல இருக்கு, பாரு!" அதற்குள் அந்த டிரம்மைத் திறந்து அக்காவின் வயிற்றைச் சுற்றித் துணி விரித்து, வேலையும் ஆரம்பித்துவிட்டார்கள். சிஸ்டர் மிச்சத் துணியைக் கிளறித் துண்டை எடுத்துக் கண்ணாடியில் வைத்துக் காட்டினாள். நான் வைத்தபோது இருந்த அதே வெளிர் நிறம்.

உள்ளே டாக்டரம்மா கத்தவில்லை. எல்லாத் துணியையும் மாற்றினார்கள். கிருமி நீக்கி வைத்திருந்த வேறு துணிப் பேக்கைப் பிரித்தார்கள், வயிற்றைக் கழுவினார்கள், மருந்து கூடுதலாக ஏற்றினார்கள். வெளியே வந்தபிறகு என்னிடம், "ஓடி வந்தீங்களே, அது நல்லது. இனி காயத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். பேஷண்ட்கிட்ட நான் சொல்லிடறேன்" என்றார். சொன்னார். துணியில் ஒரு தவறு நடந்துவிட்டது என்று சொன்னார், என் பெயரைச் சொல்லவில்லை.

மறுநாள் போய் நின்றேன். அக்கா என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "யாரோ துணிய ஒயுங்கா அவிக்கலியாமே, டாக்டரம்மா சொல்லிச்சு. அந்த வேலைய நீ பாத்திருந்தா வுட்டிருப்பியா?" என்றாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் தலையணையைச் சரி செய்துவிட்டு வந்தேன். கோழை என்றால் நான்தான்.

மூன்றாம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. எதனாலும் வரலாம் என்றார் டாக்டரம்மா. எனக்கு ஒரே காரணம்தான் தெரிந்தது. நான் கொல்லாமல் விட்டவை அவள் வயிற்றுக்குள் ஒன்று இரண்டாக, இரண்டு நாலாகப் பெருகுவதை நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை. மணிக்கொரு தரம் வார்டுக்குப் போய்க் காய்ச்சல் அட்டையைப் பார்த்தேன். கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் சீழ் வாடை வருகிறதா என்று வாசலில் நின்று மூச்சை இழுத்தேன். எத்தனையோ வருடமாகக் கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டேன். வீட்டில் கேஸைப் பார்க்க மறந்தேன். அதைக் கேலி செய்யக்கூட என் கணவருக்கு வாய் வரவில்லை.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. தையல் காய்ந்து சுத்தமாக இருந்தது. டாக்டரம்மா "பயமில்ல" என்றதும் நான் அக்காவின் கட்டிலருகே போனேன். "அக்கா, அந்தத் துணிய வெச்சது நான்தான். ஓட்டையத் தொறக்க மறந்துட்டேன்" என்றேன்.

அவள், "மறக்கறது மனுசனுக்குக் கீறதுதான். அன்னிக்கு உன் மூஞ்சியப் பாத்துக் கேட்டேன் பாரு, அப்ப சொல்லல நீ" என்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எங்கள் அறையில் வழக்கம் மாறிவிட்டது. நான் பட்டையைத் திறந்ததை என்னோடு வேலை பார்க்கும் இன்னொருத்தி பார்த்துக் கையெழுத்துப் போடுகிறாள். தியேட்டரில் சிஸ்டர் துண்டின் நிறத்தை வாய்விட்டுச் சொன்னபிறகுதான் துணியைத் தொடுகிறார்கள். இப்போதெல்லாம் என் முகம் சுண்டுவதில்லை.

மூன்று மாதம் அக்கா தெருவுக்கு வரவில்லை. பிறகு வந்தாள், எங்கள் வாசலைத் தாண்டிப் போனாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குரல் எங்கள் வாசலிலேயே நின்றது. பாத்திரத்தோடு போனேன். இரண்டு வஞ்சிரத்தை எடுத்தாள். பழைய பழக்கத்தில் பாத்திரத்தை நீட்டினேன்.

அவள் போடவில்லை. மீனை என் கையில் கொடுத்தாள்.

"செவுளத் தூக்கிப் பாரு" என்றாள்.

"வேணாம்க்கா."

"பாருன்றேன்ல. நான் குட்த்தேன்னு வாங்கிக்காத."

தூக்கிப் பார்த்தேன். சிவப்பாகத்தான் இருந்தது.

"இன்னொண்ணையும் பாரு" என்றாள் அக்கா.