நீல சாமியின் கையில் கடுக்காய்

அன்று கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியின் நடைவழியில் இருந்தவர்கள்: நான், என் மனைவி செல்வி, அவள் தம்பி முருகேசன், ஈசிஜி (நெஞ்சுத் துடிப்பைத் தாளில் கோடாக வரைந்து காட்டும் சோதனை) எடுத்த நர்சம்மா, தள்ளுவண்டியில் கண்மூடிக் கிடந்த ஒரு பெரியவர், அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்த மகள். எங்கே போனாலும் இப்படி எண்ணிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகியிருந்தது. விழுந்தால் தூக்க ஆள் வேண்டுமே. பெரியவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்தப் படபடப்பு முதல் தடவை வந்தது பட்டப்பகலில், கல்வராயன் மலையில் எங்கள் வாசலில். நாங்கள் தினையும் சாமையும் போடுகிறவர்கள். பருவத்தில் காட்டில் கடுக்காய் பொறுக்கி விற்போம். காய்கிற கடுக்காயைக் கிளறிக்கொண்டிருந்தபோது நெஞ்சு படபடவென்று அடித்தது. கை மரத்தது. மூச்சு உள்ளே போகவில்லை. செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். கால் மணி நேரத்தில் அடங்கிவிட்டது. பிறகு வாரத்துக்கு இரண்டு முறை வந்தது. தனியாக இருக்க என்னால் முடியாமல் போனதால் செல்வி வேலைக்குப் போவதை நிறுத்தினாள்.

எங்கள் மகளுக்குத் தலைப்பிரசவம். கீழே கச்சிராயபாளையத்தில் இருக்கிறாள். அவளை மலைப்பாதையில் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். செல்விதான் இறங்கிப்போய் ஒரு மாதம் தங்க வேண்டும். மகள் வீடு ஒற்றை அறை. ஆடுகளை விட்டுவிட்டு நானும் போய் உட்கார முடியாது. நான் தனியாக இருப்பேனா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமல் என்னையே பார்த்தார்கள்.

டாக்டரம்மா ஈசிஜி தாளைப் பார்த்தார். நெஞ்சில் குறை ஒன்றும் இல்லை, இது பீதித் தாக்கம் (ஆபத்து இல்லாதபோதே ஆபத்து வந்ததுபோல் உடம்பு பதறுவது) என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

“ஒண்ணும் இல்லன்னா இன்னாத்துக்கும்மா மாத்திரை?” என்றேன்.

“நெஞ்சுலதான் ஒண்ணும் இல்லன்னேன். உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லலையே. வேலை செய்ய மூணு வாரம் ஆகும். நடுவுல நிறுத்தாதீங்க.”

வெளியே சாலையோரம் குளிர்காலத்துக்கு வரும் திபெத்துக்காரர்கள் ஸ்வெட்டர் கடை போட்டிருந்தார்கள். ஒரு கடையில் சாமி படம் தொங்கியது. உடம்பெல்லாம் நீலம், மடியில் கிண்ணம்.

“நம்ம கரியராமரு மாதிரியே கீறாரு,” என்றாள் செல்வி. எங்கள் மலைக்குப் பெரிய தெய்வம் அவர்.

கடைக்கார அம்மா சிரித்தார். “ராமர் இல்ல. மருந்து புத்தர். நோவு தீர்க்கற புத்தர்.”

படத்தில் சாமியின் வலது கையில் ஒரு கொத்து இருந்தது. இலையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கடுக்காய்.

“பாத்தியா மாமா, சாமியே உனுக்குக் கடுக்கா குடுக்குது,” என்றான் முருகேசன்.

அவன் கேலிக்குச் சொன்னான். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. நாள் முழுக்கக் கடுக்காயோடு கிடக்கிறவனுக்குச் சாமி கடுக்காயைக் காட்டினால் வேறு என்ன அர்த்தம்? நாலாம் நாள் மாத்திரையை நிறுத்தினேன். கடுக்காய்ப் பொடியை அள்ளி அள்ளித் தின்றேன். வயிற்றோட்டம் பிய்த்துக்கொண்டு போனது. உடம்பு தளர்ந்ததும் படபடப்பு முன்னைவிட ஜாஸ்தியாக வந்தது. உங்களுக்கும் இந்த நோய் இருந்தால் இதை மட்டும் செய்யாதீர்கள். கடுக்காய் நல்ல மருந்துதான். என் நோய்க்கு அது இல்லை.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். “யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?” என்றார் டாக்டரம்மா. எனக்கு முந்தி முருகேசன், “சாமி சொல்லுச்சும்மா,” என்றான். அவர் சிரிக்கவில்லை. மாத்திரையை முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்.

திரும்பும்போது கோபமாக ஸ்வெட்டர் கடைக்குப் போனேன். “உங்க சாமி எனக்குக் கடுக்கா குடுத்துட்டாருங்க,” என்றேன்.

“குடுத்தாரா? நல்லது, நல்லது,” என்று அந்த அம்மா கைகூப்பினார்.

நம் பேச்சில் அதற்கு ஏமாற்றுவது என்று பொருள் என்பது அவருக்குத் தெரியவில்லை. செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சண்டை போட மனம் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

“சாப்பிட யாரு சொன்னாங்க? அது மனசு நோவுக்கு. பயம், கோவம், ஆசை. வயித்துக்கு டாக்டர். இவரைப் பாக்கணும். பயத்தை இவருகிட்ட சொல்லணும்.”

“சொன்னா போயிடுமா?”

“எங்க அம்மா தினம் சொல்லும். பயம் போகல. ஆனா சின்னதா ஆச்சு.”

உள்ளங்கை அளவில் ஒரு படம் கொடுத்தார். கரியராமர் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். காலையில் மாத்திரை போட்டதும் அன்றைய பயங்களை வாய்விட்டுச் சொல்வேன். மகளுக்கு ஏதாவது ஆகிவிடும். மலைப் பஸ்ஸில் பிரேக் பிடிக்காது. நெஞ்சு நின்றுவிடும். மனதுக்குள் மலையாக இருந்தவை வாயில் வரும்போது பாதியாகிவிட்டன. சிலவற்றைச் சொல்லவே வெட்கமாக இருந்தது.

“பஸ் பிரேக்க நேத்தே சொல்லிட்டீங்க,” என்பாள் செல்வி அடுப்படியிலிருந்து. “வேற எதனா சொல்லுங்க.”

மாத்திரை வேலை செய்ததா, படமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்குத் தெரியாது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இரண்டையும் விடவில்லை, அவ்வளவுதான்.

மாத்திரையை மறுபடி தொடங்கிய ஐந்தாவது வாரம், “போய்ட்டு வா” என்று நானே சொன்னேன். செல்வி நம்பவில்லை.

“நெசமாத்தான் சொல்றீங்களா?”

“பயமாத்தான் இருக்குது. போ.”

அவள் போன அன்று காலையிலேயே படபடப்பு வந்துவிட்டது. ஓடிப்போகப் பக்கத்தில் வீடு இல்லை, கூப்பிட ஆள் இல்லை. படத்தின் முன் உட்கார்ந்து, “வந்துக்கினு இருக்குது, பயமா இருக்குது,” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அது வந்தது, இருந்தது, போனது. எவ்வளவு நேரம் என்று பார்க்க மறந்துவிட்டேன். ஆடுகளை அவிழ்த்துக்கொண்டு போனேன்.

பதினோராம் நாள், சிக்னல் கிடைக்கும் பாறைமேல் நின்றிருந்தபோது செல்வியிடமிருந்து போன் வந்தது.

“பொண்ணு பொறந்துக்கீதுங்க. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க.”

நெஞ்சு படபடவென்று அடித்தது. அதே அடி, அதே வேகம். வந்துவிட்டது என்று நினைத்துப் பாறையைப் பிடித்துக்கொண்டேன். இது சந்தோஷம் என்று புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. மரத்துப்போன கை, பிடிபடாத மூச்சு என்று இந்த உடம்பு எனக்கு எதிரியாகவே இருந்து வந்தது. இந்த அடியை அது சந்தோஷத்துக்காகவும் வைத்திருந்தது எனக்கு இதுவரை தெரியவில்லை. ஆடுகள் சரிவில் இறங்கிவிட்டன. அடங்கட்டும் என்று காத்திருக்காமல் அவற்றின் பின்னால் இறங்கினேன்.