வெளியே கிடந்த செருப்பு

"சொந்தப் பொண்டாட்டியக் காப்பாத்தப் போறவனத் தடுக்க போலீஸ் யாரு?" என்று எங்கள் டீக்கடையில் யாராவது ஆரம்பித்தால் நான் கிளாஸைக் கீழே வைத்துவிடுவேன். எங்காவது ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடித்துவிட்டால் அந்த வாரம் முழுக்க இந்தப் பேச்சுதான் ஓடும். தடுக்கத்தான் வேண்டும், தேவைப்பட்டால் அடித்தாவது தடுக்க வேண்டும் என்பது என் கட்சி. இதில் என்னை யாரும் ஜெயித்ததில்லை. அந்தக் கடையில் ஓர் ஏட்டின் பிடியில் மாட்டித் திமிறிப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு தீபாவளி சீசன். நான் திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவிக்கு ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. மத்தியானம் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் காதைப் பொத்த மாட்டோம். மாடிக்கு ஓடி, புகை எந்தத் திசையில் என்று பார்ப்போம். அன்று புகை ஆமத்தூர்ப் பக்கம் எழுந்தது. ஓடிக்கொண்டிருந்த மிஷினை யார் நிறுத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

கம்பெனி வாசலில் போலீஸ் கயிறு கட்டியிருந்தது. உள்ளே ரூம்கள் இடிந்து எரிந்துகொண்டிருந்தன. அவற்றை அடுத்து, வேப்பமரத்தை ஒட்டி நின்றது அவளுடைய ரூம். சுவர் அப்படியே இருந்தது, கூரை ஓரத்தில் மட்டும் புகை. அதன் வாசலில் அவள் செருப்பு கிடந்தது. நீல வார், அறுந்த இடத்தில் சிவப்பு நூல் போட்டு நானே தைத்துக் கொடுத்தது.

வெடிமருந்து இருக்கும் ரூமுக்குள் செருப்போடு யாரும் போக மாட்டார்கள். ஒட்டியிருக்கும் மண் உரசினாலே பற்றிக்கொள்ளும். அதனால் வெளியே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வேலை. போர்மேன்கூட ஆளைத் தேடினால் உள்ளே எட்டிப் பார்க்க மாட்டார், வாசலில் செருப்பைப் பார்ப்பார். செருப்பு வெளியே என்றால் ஆள் உள்ளே. அதற்கு மேல் எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்தேன்.

அங்கே நின்ற ஏட்டு பின்னாலிருந்து என்னை இடுப்போடு கட்டிப் பிடித்துவிட்டார். என் அப்பா வயது இருக்கும், தொப்பை வேறு. சுலபமாக உதறிவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை.

"உள்ள எம் பொண்டாட்டி இருக்கா சார். அங்கன பாருங்க, அவ செருப்பு."

"இருக்கட்டும்லே. நீ போக முடியாது."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். கையைக் கடித்தேன். "கடிச்சுக்கோ. எம்புட்டு வேணும்னாலும் கடி. விட மாட்டேன்," என்றார். அவர் குரலில் கோபமே இல்லை.

இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த ரூம் வெடித்தது. இருவரும் மண்ணில் விழுந்தோம். தலையைத் தூக்கிப் பார்த்தால் சுவர் இல்லை, வேப்பமரத்தில் இலை இல்லை, செருப்பும் இல்லை. அவள் போய்விட்டாள் என்று நினைத்தேன். அந்த ஏட்டைக் கொன்றுவிட வேண்டும் போலிருந்தது. அவர் என் முதுகின் மேல்தான் கிடந்தார். அப்போதும் பிடியை விடவில்லை.

கொஞ்ச நேரத்தில், பின்பக்க வேலியைச் சுற்றிக்கொண்டு அவள் வந்தாள். வெறுங்காலில் முள் கிழித்து ரத்தம். முதல் சத்தத்திலேயே அந்த ரூமில் இருந்த எல்லோரும் பின்கதவு வழியாகக் கருவேலங்காட்டுக்குள் ஓடியிருக்கிறார்கள். உயிருக்குப் பயந்து ஓடுகிறவர்கள் முன்வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டா ஓடுவார்கள்? எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அன்றைக்கு எனக்கு மட்டும் தோன்றவில்லை.

அவள் என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"கயித்துக்குக் கீழ பூந்து நீங்க உள்ள போயிட்டீகன்னு சொன்னாக. உங்கள இழுத்துட்டு வரணும்னு பின்வாசலுக்கு ஓடுனேன். அங்கன ஒரு போலீஸ்காரப் பொண்ணு விடவே இல்ல. அதுக்குள்ள ரூம் வெடிச்சிருச்சு."

மணிக்கட்டைக் காட்டினாள். அந்தப் பெண்ணின் நகம் பதிந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அத்தனை பேருக்கு முன்னால் அழுதேன். ஏட்டு நான் கடித்த இடத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே அடுத்த ஆளைத் தடுக்கப் போய்விட்டார்.

டீக்கடையில் இதைச் சொல்லி முடித்ததும் ஒருத்தராவது கேட்பார்: "நெசமாவே அவுக உள்ள இருந்திருந்தா?" கேட்க வேண்டிய கேள்விதான். அவள் உள்ளே இருந்திருந்தால் அந்த ஏட்டை ஆயுசுக்கும் மன்னித்திருக்க மாட்டேன். அப்போதும் அவர் செய்தது சரிதான். பள்ளிக்கூடம் விட்டு எங்கள் மகள் வீட்டுக்கு வரும்போது ஒருத்தராவது இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அது என் நினைவில் இல்லை. ஏட்டுக்கு என் மகளைத் தெரியாது, ஆனாலும் அவளுக்காகத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் ஒருமுறை என் மனைவியிடமும் நீட்டி முழக்கினேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இம்புட்டுப் பேச்சு எதுக்கு? அவுக ரெண்டு பேரும் பிடிக்கலேன்னா, நீங்க முன்வாசல்ல வந்திருப்பீக, நான் பின்வாசல்ல வந்திருப்பேன். ஆளில்லாத ரூமுக்குள்ள ஒருத்தர ஒருத்தர் தேடியிருப்போம்," என்றாள்.