ஆற்றங்கரைப் பார்க்கின் தொலைபேசி எண்

இது நடந்த விஷயம். முகத்தஸ் என்னோடு ஒரே மருத்துவமனையில் நர்ஸாக இருப்பவள். கதை கட்டத் தெரியாதவள். அவள் சொன்ன நேரத்தைக்கூட நான் மாற்றவில்லை. படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். எங்கள் ஊர் நாமங்கானில் இதைக் கேட்டு இதுவரை யாரும் சிரிக்கவில்லை.

போன ஜூலை. சில்லா என்று நாங்கள் சொல்லும் நாற்பது நாள் வெயில். குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வாட்டர் பார்க் போவது முடிவாகிவிட்டது. எந்தப் பார்க் என்பதில்தான் வீட்டில் தகராறு. பத்து வயது மகள் ஷஹ்லோவுக்குத் தாஷ்கண்டில் இருக்கும் பெரிய பார்க் வேண்டும். அங்கேதான் ஐந்து மாடி உயரச் சறுக்கு இருக்கிறது. அவள் அப்பா இல்ஹோமுக்கோ மலைக் கணவாய் தாண்டி ஐந்து மணி நேரம் கார் ஓட்ட மனமில்லை. ஊருக்கு வெளியே ஆற்றங்கரையில், இருபது நிமிஷத்தில் போய்விடக்கூடிய ஒரு பார்க்கைச் சொன்னான். சின்னவன் தியோருக்கு இரண்டும் ஒன்றுதான். அவனுக்குத் தண்ணீர் என்றாலே பயம்.

சிறு பிள்ளைகளுக்கு ஆழமில்லாத குளம் உண்டா என்று இரண்டு இடத்திலும் விசாரித்துவிட நினைத்தாள் முகத்தஸ். புதன்கிழமை மதியம், மருந்து அறையில் தனியாக இருந்தபோது போன் செய்தாள். தாஷ்கண்டில் ஒருத்தி, "இருக்கு, இருக்கு" என்று எரிந்து விழுந்துவிட்டு வைத்தாள்.

அடுத்து ஆற்றங்கரைப் பார்க். மணி 2:17.

மணி அடிக்கவே இல்லை. எண்ணை அழுத்தியதுமே ஒரு பெண் குரல்.

"சொல்லும்மா."

இதமான குரல். பின்னால் தண்ணீர் அலம்பும் சத்தம். பள்ளி விடுமுறைக் காலம்தான்... ஆனால் ஒரு பிள்ளையின் கூச்சல்கூடக் கேட்கவில்லை.

"சின்னப் புள்ளைங்களுக்குத் தனிக் குளம் இருக்குங்களா?"

"இருக்கு. முழங்கால் அளவுதான். கூட்டமே கிடையாது."

"பையன் கொஞ்சம் பயப்படுவான்..."

"ஆறு வயசுல பயம் இருக்கத்தான் செய்யும். நான் பிடிச்சுக்கிறேன்."

வயதை முகத்தஸ் சொல்லவில்லை.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"முன்பல்லு விழுந்திருக்குல்ல," என்றது குரல். "சிரிச்சா அழகா இருப்பான்."

தியோரின் பல் அன்று காலையில்தான் விழுந்தது.

போனை வைத்தாள். காது சில்லென்றிருந்தது. தொட்டுப் பார்த்தாள். ஈரம். துடைத்தாள்... மறுபடியும் ஈரம். விரலில் பாசி நாற்றம்.

சுவர்க் கடிகாரத்தில் மணி 2:20. போனில் அந்த அழைப்பு 41 நிமிஷம் ஓடியதாகக் காட்டியது.

வீட்டில் அவள் இதைச் சொல்லவில்லை. சொன்னால் இல்ஹோம் ஒரு மாதத்துக்குக் கிண்டல் செய்வான்.

"தாஷ்கண்டுக்கே போகலாங்க," என்று மட்டும் சொன்னாள்.

"காலு நனைக்க மலை தாண்டணுமா? நேத்து வரைக்கும் நீயே பக்கத்துல போலாம்னு சொல்லிட்டிருந்த."

"நேத்து சொன்னேன். இன்னைக்கு வேண்டாங்கிறேன்."

"அம்மாவும் பொண்ணும் ஒரு கட்சி ஆயிட்டீங்க. சரி, வண்டியில தூங்காம எங்கூடப் பேசிட்டே வரணும்."

ஷஹ்லோ அம்மாவைக் கட்டிக்கொண்டாள். விஷயம் அதோடு முடிந்திருக்கலாம்.

வியாழக்கிழமை காலை 10:30. எங்களோடு வேலை செய்யும் சுல்ஹுமோர் தேநீரோடு வந்து உட்கார்ந்தாள். கணவன் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். வீட்டில் அவளும் ஆறு வயது மகன் ஆசிலும்தான்.

"முகத்தஸ் அக்கா, நீங்க எந்தப் பார்க் போறீங்க? என் பையன் உயிரை வாங்குறான்."

"தாஷ்கண்ட்."

"எனக்கு யாரு அவ்வளவு தூரம் கார் ஓட்டுவா? பக்கத்துல இருக்குல்ல, அது எப்படி? விசாரிச்சீங்களா?"

முகத்தஸ் வாயைத் திறந்தாள். காது ஈரமானதை எப்படிச் சொல்வது? பைத்தியம் என்பாளே...

"கூட்டம் இல்லையாம்," என்றாள். "முழங்கால் அளவுத் தண்ணியாம்."

"நம்பர் இருந்தா குடுங்கக்கா."

கொடுத்தாள்.

கொடுத்த அந்த நொடி மனசு லேசானது. அதை நினைத்துத்தான் இன்றைக்கும் அழுகிறாள்.

ஞாயிறு விடிய ஐந்து மணிக்கே கிளம்பி, பத்து மணிக்குத் தாஷ்கண்ட் பார்க்கில் இருந்தார்கள். ஷஹ்லோ சறுக்கில் எட்டு முறை இறங்கினாள். தியோர் பயப்படவே இல்லை. அப்பா தோளில் ஏறித் தண்ணீரில் குதித்தான்.

பிற்பகல் 1:52. முகத்தஸின் போன் அடித்தது.

ஆற்றங்கரை எண்.

எடுக்கவில்லை. ஏழு முறை அடித்து நின்றது.

1:53. மறுபடியும்.

பையில் துண்டுக்கு அடியில் திணித்தாள். துண்டுக்குள்ளிருந்து அடித்துக்கொண்டே இருந்தது...

1:58. நின்றது.

எடுத்துப் பார்த்தாள். யாரும் தொடாத துண்டு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

மாலை 6:40. ஊர் திரும்பும் வழியில், கணவாயின் உச்சியில் நான்தான் அவளுக்குப் போன் செய்தேன். ஆசில் போய்விட்டான் என்று சொன்னேன். முழங்கால் அளவுத் தண்ணீரில்... அம்மாவிடமிருந்து நாலடி தூரத்தில். யாரும் சத்தம் கேட்கவில்லை.

இரண்டு மணிக்குள் நடந்ததாம்.

 

மறுநாள் அடக்கம் முடிந்தது. பார்க்கில் விசாரித்தார்கள். அங்கே போன் எடுக்கப் பெண் யாரும் இல்லை. வாசல் காவலாளியின் எண்தான் உண்டு. அது வேறு எண்.

மூன்றாம் நாள் முகத்தஸும் நானும் சுல்ஹுமோரைப் பார்க்கப் போனோம். அவள் அழவில்லை. அழுது தீர்ந்திருந்தது. முகத்தஸின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, அந்த நம்பருக்குப் போன் பண்ணப்போ ஒரு பொம்பள எடுத்தா. நான் வாயே திறக்கல. அதுக்குள்ள அவளே பேசினா."

"என்ன... பேசினா?"

"'முகத்தஸ் அவ புள்ளைய அனுப்ப மாட்டேன்னுட்டா. அதுக்குப் பதிலா உன் புள்ளைய அனுப்புறா. சரி, எனக்குச் சம்மதம்'னு சொன்னா. உங்க சிநேகிதி ஏதோ விளையாடுறான்னு நெனச்சு நான் சிரிச்சேன்க்கா..."

சுல்ஹுமோர் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவ யாருக்கா?"

முகத்தஸ் அந்தக் குரலிடம் தன் பெயரைச் சொன்னதே இல்லை.