சோப்பு அண்ணனின் லுஹர்

ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் அவரைச் சோப்பு அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. காலை ஆறு மணிக்கு உள்ளே வந்ததும் கதவுக் கைப்பிடியை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைப்பார். அப்புறம் மேசை, மைக்ராஸ்கோப், நாற்காலியின் கைகள். அப்புறம் கையைக் கழுவுவார். குழாயைத் திறக்கும்போது அழுக்குக் கை அதில் பட்டதே என்று ஞாபகம் வரும். குழாயையும் கழுவிவிட்டு மறுபடி கையைக் கழுவுவார். இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் மலத்தையும் சளியையும் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்துச் சோறு தின்கிறவர். எது எங்கே ஒட்டும், எங்கிருந்து எங்கே போகும் என்று அவருக்குத் தெரிந்த அளவு அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது.

"கை நிறைய சோப்பு. ஆனா பெரிய டாக்டருக்குச் சோப்பு போட மட்டும் வராது" என்று கூட வேலை பார்த்தவர்கள் சிரிப்பார்கள். பதவி உயர்வு இதுவரை வராததற்கு அவர்கள் சொன்ன காரணம் அது.

வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க ஒரே ஒரு தடவை போனார். பெண்ணின் அண்ணன் நாலு தண்ணீர் டம்ளரையும் ஒரே கையில், உள்ளே விரல் விட்டுக் கவ்விக்கொண்டு வந்தான். இவர் எழுந்து வந்துவிட்டார். "அந்த விரலெல்லாம் காலையில எங்கெங்க போயிருக்கும்னு எனக்குத் தெரியும்க்கா" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அதோடு பெண் தேடும் படலம் முடிந்தது.

தொழுகையும் அப்படித்தான் போயிற்று. ஏழு வயதில் குர்ஆன் ஓதப் போன இடத்தில், சின்ன அறைக்குள் நாற்பது பையன்களை நெருக்கி நிறுத்தித் தொழப் பழக்கினார்கள். முன்வரிசையில் நின்றவனுக்குக் குதிகால் முழுக்க வெடிப்பு. வெடிப்புக்குள் சேறும் ஏதோ மஞ்சளாகவும். நெற்றியைத் தரையில் வைக்கும் சஜ்தாவுக்குக் குனிந்தபோது இவருடைய மூக்கு நேராகப் போய் அதில் பட்டது. அங்கேயே வாந்தி எடுத்தார். ஓதிக்கொடுத்தவர் காதைப் பிடித்து இழுத்து, விரிப்பை இவரையே அலச வைத்தார். அன்றைக்கு விட்டதுதான். ஓதியதெல்லாம் நாளடைவில் மறந்து, தொழத் தெரியாத மனிதராகவே தலை நரைத்தது.

அக்கா அவரை விடப் பதினொரு வயது மூத்தவள். தாய் இல்லாத வீட்டில் அவரை வளர்த்தவள். புருஷனைப் பறிகொடுத்து வந்த பிறகு பேருந்து நிலையத்தில் பயணச்சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தாள். ஐந்து வேளைத் தொழுகையில் ஒன்றை விட்டவளில்லை. தம்பியைத் தொழச் சொல்லி நச்சரித்ததும் இல்லை. "தொழாதது உனக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவுல உள்ளது. என் முசல்லா விரிப்புல மட்டும் ஸ்பிரிட் அடிச்சு வைக்காத" என்பாள்.

ஒருநாள் காலையில் அவள் கையிலிருந்து பால் பாத்திரம் விழுந்தது. பின்னாலேயே அவளும் விழுந்தாள். வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: சரி. தாகம் எடுத்தாலும் சரி, வலித்தாலும் சரி, கோபம் வந்தாலும் சரி. குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து எது என்று கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஓர் அம்மாளை அமர்த்தினார். டயப்பர் மாற்றுவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் அந்த அம்மாள். மதியம் பன்னிரண்டரைக்குத் தன் வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பி, இரவில் அங்கேயே தங்குவாள். பன்னிரண்டே முக்காலுக்கு இவர் வேலை முடிந்து வருவார்.

மூன்றாவது வாரம், அவள் செருப்பை மாட்டாமல் வாசலிலேயே காத்திருந்தாள்.

"சார், நான் தப்பா சொல்றேன்னு நினைக்காதீங்க. மத்த நேரமெல்லாம் மாத்திரை வேகத்துல தூங்குறாங்க. மதியமானா கண்ணு முழிச்சுக்குறாங்க. குழாயைக் காட்டிக் காட்டி அழறாங்க. நேத்து மூஞ்சி கழுவி, அந்தச் சின்ன விரிப்பைப் போட்டு முன்னாடி உக்கார வெச்சேன். ஓத ஆரம்பிச்சாங்க."

"பேச்சே வரலையே, எப்படி ஓதுவாங்க?"

"நீங்களே வந்து பாருங்க."

அக்கா நாற்காலியில் சாய்ந்திருந்தாள். கோணிய வாயிலிருந்து எச்சில் கழுத்துவரை இறங்கியிருந்தது. அந்த வாயிலிருந்து குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூரா எழுத்துப் பிசகாமல் வந்துகொண்டிருந்தது. தண்ணீர் வேண்டும் என்று கேட்க வராத நாக்கு அது. முடித்தாள், தலை குனிந்தாள், நிமிர்ந்தாள், மறுபடி அல்ஹம்து. எத்தனையாவது ரக்அத், எத்தனையாவது சுற்று என்று அவளுக்குத் தெரியவில்லை. மதியத் தொழுகையான லுஹருக்கு நாலு ரக்அத். நாலு முடிந்து, எட்டு முடிந்து, பன்னிரண்டும் தாண்டியிருக்கும். செக்குமாடு மாதிரி அதே இடத்தைச் சுற்றினாள். சலாம் கொடுத்து முடிக்கும் இடம் எங்கே என்று பிடிபடாமல் கண்ணில் தண்ணீர் வழிந்தது. கடைசியில் இடது கையை நீட்டித் தம்பியைப் பார்த்தாள். பிறகு தனக்கு முன்னால் காலியாக இருந்த தரையைக் காட்டினாள்.

"சரி" என்றாள். முன்னால் நின்று தொழு, நான் உன்னைப் பின்தொடர்கிறேன் என்று அதற்கு அர்த்தம்.

அவர் அவள் வாயைத் துடைக்க ஒரு துணியை எடுத்தார். இரண்டு விரலால், ஓரத்தைப் பிடித்து.

யாரிடம் கற்றுக்கொள்வது? பள்ளிவாசலுக்குப் போகலாம். ஆனால் நூறு பேர் கால் பட்ட கம்பளம் கண்ணுக்குள் வந்து நின்றது. யோசித்துப் பார்த்ததில் ஆஸ்பத்திரியில் தவறாமல் தொழுகிற ஒரே ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தார். பிணவறையில் வேலை செய்கிறவர். இருபது வருஷத்தில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் சோப்பு அண்ணன் உட்கார்ந்ததில்லை. அவர் தொட்ட லிஃப்ட் பொத்தானை முழங்கையால்தான் அமுக்குவார்.

"என்ன அண்ணே, இந்தப் பக்கம்?" என்றார் பிணவறைக்காரர். "இங்க வர்றவங்க பொதுவா நடந்து வரமாட்டாங்களே."

வாசலிலேயே நின்று, கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமல் விஷயத்தைச் சொன்னார். பிணவறைக்காரர் சிரிக்கவில்லை.

"நாளையிலேர்ந்து பத்தரைக்கு வாங்க. துணிக் கிடங்குல சொல்லித் தர்றேன். ஆனா அண்ணே, நீங்க பீயைப் பார்க்கிற ஆளு, நான் பிணத்தைப் பார்க்கிற ஆளு. யாரைப் பார்த்து யாரு மூக்கைப் பொத்துறது? முதல்ல அந்தக் கைக்குட்டையை எடுங்க."

துணிக் கிடங்கு என்பது வார்டுகளிலிருந்து கழற்றிய படுக்கை விரிப்புகள் சலவைக்குப் போகும் முன் குவிந்து கிடக்கும் அறை. ரத்தம் காய்ந்தவை ஒரு மூட்டை, மற்றவை ஒரு மூட்டை. மூலையில் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்த ஆறடி இடத்தில் பிணவறைக்காரர் முசல்லாவை விரித்தார். பச்சை வெங்காயம் தின்ற வாயோடு முகத்துக்கு முகம் நின்று சொல்லிக்கொடுத்தார். கை கட்டும் விதம் சரியில்லை என்றால் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்துவார். ருகூவில் குனியும்போது முதுகு வளைந்தால் முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்துவார். பக்கத்தில் நின்று தொழும்போது அவருடைய சுண்டுவிரல் இவருடைய சுண்டுவிரலை வந்து உரசும். இவர் ஓர் அங்குலம் நகர்வார். அவரும் ஓர் அங்குலம் நகர்வார். இப்படியே போய் ஒருநாள் இரண்டு பேரும் சுவரில் முட்டி நின்றார்கள்.

"மனசுல நிய்யத்து எப்படி வைக்கிறது பாய்? அக்காவுக்காகன்னு நினைச்சுக்கிட்டா போதுமா?"

"அல்லாஹ்வுக்காகன்னு நினைங்க. அக்கா பின்னாடிதானே இருக்காங்க, அவங்க பார்த்துக்குவாங்க."

"லுஹர்ல வாய்விட்டு ஓதக்கூடாதுன்னு சொன்னீங்க. அவங்களுக்குக் கேக்கணுமே?"

"அவங்க காதுக்கு எட்டுற அளவு மெல்லச் சொல்லுங்க. அதுக்குன்னு தொழுகை கெட்டுப்போயிடாது."

ஒவ்வொரு நாளும் திரும்பி வந்து முழங்கைவரை மூன்று தடவை சோப்பு போட்டார். முகத்தையும் கழுவினார். வெங்காய நாற்றம் மட்டும் மூக்கைவிட்டுப் போகாது. அப்படியும் மூன்று வாரத்தில் நாலு ரக்அத் மனப்பாடம் ஆகிவிட்டது. உட்கார்ந்து ஓதும் அத்தஹிய்யாத்துதான் கடைசிவரை காலை வாரிக்கொண்டிருந்தது. சளிக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே அதை முணுமுணுப்பார்.

தொழுகையைக் கற்றுக்கொண்டாயிற்று; ஆனால் அதற்கு முன் வாய், மூக்கு, முகம், கை, கால் கழுவும் ஒளூவை அக்காவுக்குச் செய்துவிடுவதை அவர் யோசிக்கவே இல்லை.

முதல் நாள் கையுறை, முகக்கவசம் எல்லாம் போட்டு, வாளியும் பேசினும் கொண்டுவந்து முன்னால் வைத்தார். அக்கா கையுறையைப் பார்த்தாள். இடது கையால் அதன் நுனியைப் பிடித்து உருவி எறிந்தாள். இன்னொன்று போட்டார். அதையும் உருவினாள். வெறுங்கையால் அவள் வாயில் தண்ணீர் விட்டார். கொப்பளிக்கத் தெரியாமல் அவள் அதைத் துப்பியபோது, காலையில் தின்ற சோற்றுப் பருக்கைகள் இவருடைய மணிக்கட்டில் வந்து ஒட்டின. மூக்குக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். உறிஞ்ச அவளுக்கு வராது. விரலை நனைத்து உள்ளே விட்டுத் துடைத்தார். விரலோடு சேர்ந்து வந்தது, விடாமல் நூலாக நீண்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சளியைப் பற்றி அவருக்குத் தெரியாததா? ஆனால் அதெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சளி. கால் விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறிக் கிடந்ததைக் கோதி எடுத்தபோது, அது இன்ன பூஞ்சை என்று மூளை தானாகப் பெயர் சொல்லிற்று.

மறுநாள் ஓடிப்போய்ப் பிணவறைக்காரரிடம் கேட்டார். "தண்ணியே இல்லாம ஏதாவது வழி உண்டா பாய்?"

"தண்ணி ஆகாத நோயாளின்னா தயம்மும் செய்யலாம். சுத்தமான மண்ணுல உள்ளங்கையைத் தட்டி முகத்தையும் கையையும் தடவிக்கிறது."

மண். அவருக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. கடைசியில் அடுப்பில் வறுத்து ஆறவைத்த மணலை ஒரு தட்டில் கொண்டுபோய் நீட்டினார். அக்கா தட்டைத் தள்ளிவிட்டாள். வாளியைக் காட்டினாள். "சரி!" என்று அதட்டினாள். மணல் வீடெல்லாம் சிதறியது. அதைக் கூட்டிப் பெருக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

மழை விடாமல் பெய்த ஒரு நாள் அது நடந்தது. ஒளூ முடித்து, அல்லாஹு அக்பர் என்று தக்பீர் கட்டி, இரண்டாவது ரக்அத்துக்கு எழும்போது பின்னாலிருந்து சத்தம் வந்தது. காற்று. அக்கா ஓதுவதை நிறுத்திவிட்டாள். ஒளூ முறிந்துவிட்டது என்று தலையை ஆட்டினாள். மறுபடி வாளி, மறுபடி வாய், மூக்கு, கால். மறுபடி தக்பீர். இந்தத் தடவை முதல் ருகூவிலேயே. மூன்றாம் தடவை அத்தஹிய்யாத்தில், முடியப் போகிற நேரம் பார்த்து. அறை முழுக்க நாற்றம். ஜன்னலை மழைக்காக அடைத்திருந்தது.

"ச்சே! என்னக்கா இது! அடக்க முடியாதா உன்னால?" என்று கத்திவிட்டார். பேசினை எட்டி உதைத்தார். அழுக்குத் தண்ணீர் அவருடைய காலிலேயே கொட்டியது.

அக்கா தலையைத் தொங்கப் போட்டாள். மெதுவாக, "சரி" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குப் புரியவில்லை. புரிந்துவிடக் கூடாதே என்றும் இருந்தது. தன் கத்தலை நினைக்க, அந்த நாற்றத்தைவிட அது அசிங்கமாக இருந்தது. நாலாவது தடவையும் ஒளூ செய்துவிட்டார். மூச்சை அடக்கிக்கொண்டுதான்.

பிணவறைக்காரர் இமாமிடம் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார்: "அடக்கவே முடியாம போய்க்கிட்டே இருந்தா, ஒரு வேளைக்கு ஒரு ஒளூ போதுமாம். நடுவுல போனாலும் தொழுகையை நிறுத்த வேண்டியதில்லையாம்."

"இதை முன்னாடியே கேட்டுச் சொல்லக்கூடாதா பாய்?"

"நீங்க மூக்குக்கும் வாய்க்கும்தானே வழி கேட்டீங்க. இதைக் கேக்கலையே."

இது நடந்து ஐந்து மாதம் இருக்கும். பரிசோதனைக்கூடத்தில் ஒரு மல மாதிரி டப்பா மூடி சரியாக இறுகாமல் மேசையிலிருந்து கவிழ்ந்தது. கோட்டை மாற்றினார், பதினோரு தடவை கை கழுவினார், செருப்பைக்கூட ஸ்பிரிட்டில் அலசினார். சுற்றியிருந்தவர்களை முகர்ந்து பார்க்கச் சொன்னார். "ஒண்ணும் இல்லண்ணே, மணக்கிறீங்க" என்றார்கள். வீட்டுக்கு வந்து ஒளூ செய்துவிட்டு, முசல்லாவில் நின்று கையை உயர்த்தினார்.

"ச்சீ!"

திரும்பிப் பார்த்தார். அக்கா இடது கையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஆறு மாதத்துக்கு மேலாகச் சரி என்பதைத் தவிர வேறு சொல் வராத வாய்.

"என்னக்கா சொன்ன?"

"ச்சீ" என்றாள் மறுபடி. அவர் கால்சட்டையைக் காட்டினாள். வலது காலின் மடிப்புக்குள், தையல் ஓரத்தில், காய்ந்து ஒட்டியிருந்தது ஒரு பயறளவு. "ச்சீ, போ. குளி."

அவருக்குக் காதெல்லாம் சூடேறியது. சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று தெரிந்தது. வாரம் ஒருமுறை வந்து அக்காவைப் பேசப் பழக்கும் பெண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும் என்றும் தெரிந்தது. ஆனால் உடம்பு முழுக்கக் கூசியது. நாற்பது வருஷத்துக்கு மேலாக உலகத்தைப் பார்த்துத் தான் சுளித்த அதே முகத்தை எதிரே பார்த்துக்கொண்டு, அதன் பார்வை படும் இடத்தில் நிற்பது எப்படியிருக்கும் என்று அதுவரை தெரியாது. போய்க் குளித்தார். தலைக்கும் ஊற்றிக்கொண்டார். வந்து நின்றார். அக்கா முன்னால் சாய்ந்து, முகர்ந்து பார்த்து, "சரி" என்றாள். தக்பீர் கட்டினார்.

அதற்குப் பிறகு அக்காவுக்குச் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. நாற்பது நாற்பத்தைந்து தேறும். அதில் பாதி திட்டுகிற சொல். ரக்அத் கணக்கு மட்டும் வரவே இல்லை. ஆகவே லுஹருக்குத் தம்பி முன்னால் நிற்பது இன்றுவரை நடக்கிறது.

அருவருப்பு போய்விட்டதா என்று பிணவறைக்காரர் ஒருநாள் தேநீர் குடிக்கும்போது கேட்டார். ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க பாய் போகுது? மூக்குல விரல் விடும்போது இன்னிக்கும் வயித்தைப் புரட்டுது. அவ துப்பினா இன்னிக்கும் கண்ணை மூடிக்கிறேன்."

"அப்புறம் எப்படி தினம் செய்றீங்க?"

"புரட்டிக்கிட்டேதான் செய்றேன்" என்றார் சோப்பு அண்ணன். கடிகாரத்தைப் பார்த்தார், மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. கோப்பையின் விளிம்பைக் கைக்குட்டையால் துடைத்து, மிச்சத் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.